பெயர் பொறிக்காத நான்கு பதக்கங்கள்: ஒரு கொழும்புக் குடும்பத்தின் தேடல்

பின்னணி

2023 தைப்பொங்கல் முடிந்த கிழமை, வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு வங்கியில் வேலை. நான் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். பழைய உறுதி, பிறப்புப் பதிவு, குடும்பக் கடிதம் என்று யாராவது கொண்டுவந்தால் வாசித்து உதவுவது சில ஆண்டுகளாகப் பழக்கமாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். இந்தக் குறிப்பில் அவரைப் பேத்தி என்றே எழுதுகிறேன்.

கையில் ஒரு மலிபன் பிஸ்கட் டின். அதற்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றிய நான்கு பதக்கங்கள். அப்பாவின் அப்பாவுடையவை. "அப்பப்பா பர்மாவில ஜப்பான்காரனோட சண்டை பிடிச்சவர் எண்டு வீட்டில சொல்லுவினம் சேர். எந்தப் படை, என்ன வேலை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

குடும்பம் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தது. 1983 ஜூலையில் வீடு எரிந்தபோது பாட்டி எடுத்துக்கொண்டு ஓடியது நகைப்பெட்டியை. பதக்கங்கள் அதற்குள் கிடந்ததால் தப்பின. சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிய ஒரு சான்றிதழ், ஒரு சிறிய புத்தகம், கடிதக் கட்டு எல்லாம் போய்விட்டன. "சின்னப் புத்தகம்" என்று பேத்தி சொன்னது, பிரித்தானியப் படையில் ஒவ்வொரு சிப்பாயும் வைத்திருந்த சேவை மற்றும் சம்பளப் புத்தகமாக இருந்திருக்க வேண்டும். அது ஒன்று இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதவே தேவையில்லை. சேவை எண், பிரிவு, பிறந்த தேதி, நெருங்கிய உறவினர் எல்லாம் அதில் இருக்கும்.

பேத்தி கேட்டது இரண்டு விஷயம். அப்பப்பா உண்மையில் எங்கே இருந்தார்? இந்தப் பதக்கங்கள் உண்மையானவைதானா? இரண்டாவது கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. புறக்கோட்டைப் பக்கம் பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் காட்டியபோது, "பேர் இல்லாத மெடல், கொப்பியாக இருக்கும்" என்று சொல்லி ஒரு சிறிய தொகைக்குக் கேட்டிருக்கிறார்.

முதலில் கண்டது

இரண்டு பதக்கங்கள் ஆறு முனை நட்சத்திரங்கள், செம்பு கலந்த மஞ்சள் உலோகம். இரண்டு வட்டமானவை, வெள்ளி போலத் தெரியும் செம்பு நிக்கல் கலவை. நட்சத்திரங்களில் ஒன்று 1939-45 நட்சத்திரம், மற்றது ஆபிரிக்க நட்சத்திரம். வட்டமானவை பாதுகாப்புப் பதக்கமும் 1939-45 போர்ப் பதக்கமும். இதில் ஊகத்துக்கு இடமில்லை. நட்சத்திரங்களின் முகத்திலேயே பதக்கத்தின் பெயர் இருக்கிறது. போர்ப் பதக்கத்தின் பின்பக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். முன்பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை.

பாட்டி இருக்கும்வரை வருடத்துக்கு ஒரு தடவை பிராசோ போட்டுத் தேய்த்திருக்கிறார். அதனால் மன்னரின் காது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ரிப்பன்கள் பிறகு யாரோ மாற்றியவை. இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஒரே சிவப்புச் சாட்டின் நாடா, தையல்காரரிடம் வாங்கியது போல.

விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். எழுத்து எதுவும் இல்லை. பேத்தியின் முகம் வாடியது. ஆனால் அது வாடவேண்டிய விஷயமே அல்ல. முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களில் சிப்பாயின் எண், தரம், பெயர், பிரிவு நான்கையும் பொறித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் போரில் பிரித்தானிய அரசு அந்த வேலையை விட்டுவிட்டது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியவைதான் தங்கள் படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. ஆகவே பெயர் இல்லாதது போலிக்கு அடையாளம் அல்ல. இவை இந்தியப் படைவழி வந்தவை அல்ல என்பதற்கே அது ஒரு சின்னச் சாட்சி. பழம்பொருள்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம், அங்கே இல்லாத ஒன்று. பர்மாவில் போரிட்டவருக்குப் பர்மா நட்சத்திரம் கிடைத்திருக்கும். இந்த டின்னில் இருப்பது ஆபிரிக்க நட்சத்திரம். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்காவில் ஒரு நாளாவது கடமையில் இருந்தவருக்குக் கொடுத்தது அது.

இதை நான் அன்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். "பர்மா நட்சத்திரம் தொலைந்திருக்கலாம், பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக் கதையை முதல் நாளே உடைக்க மனம் வரவில்லை.

தவறான அட்டை

இரண்டு கிழமை கழித்துப் பேத்தி உற்சாகமாகப் போன் எடுத்தார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் இணையத்தில் தேடி, பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பதக்க அட்டையின் படத்தைப் பணம் கட்டி இறக்கியிருந்தார். அப்பப்பாவின் பெயர், முதலெழுத்தும் சரி. இந்தியப் படைப் பிரிவு ஒன்று. ஆனால் போர் முதலாவது.

மச்சான் பதக்கங்களைப் பார்த்ததில்லை. அவருக்குப் பெயர் மட்டுந்தான் தெரியும். ஆண்டு பொருந்தவில்லையே என்று கேட்டபோது குடும்பத்துக்குள் ஒரு விளக்கம் பிறந்துவிட்டது. அப்பப்பா இரண்டு போரிலும் இருந்தவர், முதல் போர்ப் பதக்கங்கள் 83இல் எரிந்துவிட்டன. அவருக்கு எத்தனை வயது என்று கேட்டேன். "சாகேக்க எண்பது இருக்கும் சேர், நான் பார்த்திருக்கிறன்" என்றார் பேத்தி. அவர் இறந்தது 1979இல். எண்பது என்றால் 1899இல் பிறந்திருப்பார், முதல் போருக்கு வயது சரியாக வருகிறது. எல்லாம் அழகாகப் பொருந்தியது. குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அட்டையின் படம் போய், லண்டன், மெல்பேர்ண் எங்கும் இருந்து வாழ்த்து வந்தது. நானும் பாதி நம்பினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பாட்டன் பூட்டனின் படைச் சேவையைத் தேடுவோருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை "பதக்க அட்டையைப் பாருங்கள்" என்பதுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1940 செப்டெம்பரில் லண்டன் மீது விழுந்த ஜேர்மன் குண்டுகளில் முதலாம் போர்ச் சிப்பாய்களின் சேவைக் கோவைகள் வைத்திருந்த கட்டடம் எரிந்தது. அறுபது வீதம் அளவு அழிந்துபோனது. மிஞ்சியவற்றில் பரவலாக எல்லோரையும் தொடுவது, பதக்கம் வழங்குவதற்காக எழுதிய அட்டைத் தொகுதி. ஆகவே முதலாம் போருக்கு அந்த ஆலோசனை சரி. இரண்டாம் போரில் நிலைமை தலைகீழ். சேவைக் கோவைகள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. தரைப்படைச் சிப்பாய்களின் நட்சத்திரங்களுக்கோ அப்படி ஒரு பொது அட்டைத் தொகுதி கிடையாது. யாருக்கு எந்த நட்சத்திரம் என்பது அவரவர் கோவைக்குள்தான் இருக்கும். அட்டையில் தேடினால் தாத்தா கிடைக்கமாட்டார். அவர் பெயரில் வேறொருவர் கிடைப்பார்.

எங்களுக்குக் கிடைத்தவரும் அப்படி ஒருவர்தான்.

முதல் முடிவு: இறப்புச் சான்றிதழ்

மாசி மாதம் ஒரு நாள் உட்கார்ந்து பேசி, வேறு எதையும் தேடும் முன் அப்பப்பாவின் இறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை எடுப்பது என்று முடிவு செய்தோம். பிரித்தானியாவில் சேவைக் கோவை கேட்பதற்கும் அது வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றது என் மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த அந்த "எண்பது இருக்கும்".

சான்றிதழ் பங்குனியில் கைக்கு வந்தது. வயது 62.

அதாவது 1917 அளவில் பிறந்தவர். முதலாம் போர் முடியும்போது தவழும் குழந்தை. பேத்திக்கு அப்போது எட்டு வயது, எட்டு வயதுப் பிள்ளைக்கு 62 வயது நோயாளி எண்பதாகத் தெரிவதில் வியப்பில்லை. அட்டை விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அதைச் சொல்லப் பேத்திக்கு ஒரு கிழமை பிடித்தது.

இடையில் கொழும்பிலேயே சில இடங்களுக்குப் போனோம். விகாரமகாதேவி பூங்காவில் இருக்கும் போர் நினைவுத் தூபிக்குப் பேத்தி தன் மகனோடு போய்ப் பெயர்களைப் படித்தார். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த தூபி அது. முதலில் காலிமுகத்திடலில் நின்றது, இரண்டாம் போர்க் காலத்தில் ஜப்பானியருக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து பூங்காவுக்கு மாற்றினார்கள். ஆனால் அங்கே இருப்பவை இறந்தவர்களின் பெயர்கள். உயிரோடு திரும்பி வந்து, கலியாணம் கட்டி, 1979இல் நோயில் இறந்தவர் அங்கே இருக்கமாட்டார். பொதுநலவாயப் போர்க் கல்லறைகளின் பட்டியலும் அப்படித்தான். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இரண்டு நாள் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட செய்திகளைப் படித்ததில் நேரம் போனதே தவிர, அப்பப்பாவுக்கு அதனால் பலன் இல்லை.

ஒன்று மட்டும் தெளிவானது. இலங்கைப் பாதுகாப்புப் படையின் பிரிவுகளான இலங்கை இலகு காலாட்படையும் பீரங்கிப் படையும் பெரும்பாலும் தீவுக்குள்ளேயே காவல் இருந்தவை. பீரங்கிப் படையின் ஒரு பகுதி கொக்கோஸ் தீவுக்குப் போய், 1942 மேயில் அங்கே கலகம் செய்து, மூன்று பேர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டது தெரிந்த கதை. அப்பப்பா இவற்றில் இருந்திருந்தால் ஆபிரிக்க நட்சத்திரத்துக்கு வழியில்லை. ஆனால் இலங்கையர் பிரித்தானியப் படையின் போக்குவரத்து, வழங்கல், பொறியியல் பிரிவுகளிலும் நேரடியாகச் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார்கள். அந்தத் திசையில்தான் பார்க்க வேண்டும்.

பருத்தித்துறைப் பெட்டி

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் இரவு பஸ்ஸில் வடக்கே போனோம். பேத்தியின் மாமி, அதாவது அப்பப்பாவின் மூத்த மகள், பருத்தித்துறையில் இருக்கிறார். எழுபத்துநான்கு வயது. முதல் நாளே இவரிடம்தான் போயிருக்க வேண்டும். பேத்தி போனில் இரண்டு தடவை கேட்டிருந்தார், "அப்பாவின்ர பட்டாளக் கதை எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை" என்று மாமி சொல்லிவிட்டார். அதோடு நாங்கள் விட்டுவிட்டோம்.

நேரில் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோதும் அதையேதான் சொன்னார். நான் போரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, அப்பாவின் பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை. அந்த அரிசிப் பெட்டிதான் அவர் கொண்டுவந்தது" என்று குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

அது ஒரு தகர ட்ரங்குப் பெட்டி. நீலப் பெயின்ட் அடித்து, மேலே அரிசிச் சாக்கு வைத்திருந்தார்கள். மூடியில் விரலால் தடவியபோது பெயின்டுக்குக் கீழே மேடு தட்டியது. பேத்தியின் மகன் உடனே கத்தி எடுத்துச் சுரண்டப் போனான், தடுத்தேன். மேல் பெயின்ட் வரும்போது கீழ் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். குசினி ஜன்னலைச் சாத்தி, இருட்டாக்கி, கைத்தொலைபேசி விளக்கைப் பெட்டியோடு ஒட்டிக் கிடையாகப் பிடித்தோம். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வந்தது. முதலெழுத்து, பெயர், அதன்கீழ் ஓர் எண். எண்ணின் முன்னால் ஆங்கில 'டி' எழுத்தும் ஒரு சாய்கோடும்.

அந்த 'டி' ரோயல் ஆமி சேர்விஸ் கோர் எண்களில் வருவது. படைக்கு உணவு, எரிபொருள், வாகனப் போக்குவரத்து எல்லாம் கொடுத்த பிரிவு.

பெயரின் ஆங்கில எழுத்து, இறப்புச் சான்றிதழில் இருந்தது போலவும் இல்லை, குடும்பம் எழுதும் விதத்திலும் இல்லை. 'துரை' என்று முடியும் பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாலு எழுதுவினைஞர் நாலு விதமாக எழுதுவார்கள். அதோடு நம்மவர்களின் அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று வெள்ளைக்கார எழுதுவினைஞருக்குத் தெரியாது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருப்பார்கள். பெயரைக் கொண்டு தேடியிருந்தால் எத்தனை வருடமானாலும் கிடைத்திராது. எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது.

மாமி அப்புறம்தான் அல்பத்தை எடுத்துத் தந்தார். பெட்டியைப் பார்த்த பிறகு, நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதில் இரண்டு படங்கள். ஒன்றில் நான்கு வாலிபர்கள், காற்சட்டை போட்டு ஸ்டூடியோத் திரைக்கு முன்னால். பின்புறம் அலெக்சாந்திரியா ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. தொப்பியில் எட்டு முனை நட்சத்திரமும் கிரீடமுமாக அதே சேர்விஸ் கோர் சின்னம். மற்றது போர் முடிந்த பிறகு எடுத்த தனிப்படம், மார்பில் ரிப்பன் பட்டை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனை வாசிப்பது ஆபத்தான வேலை. அந்தக் காலத்து சில பிலிம்களில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். அப்படிக் கணக்கெடுத்துப் பார்த்தாலும் இரண்டாவது ரிப்பனில் வெளிறிய தரையும் நடுவே அகலமான கருங்கோடும் தெரிந்தன. ஆபிரிக்க நட்சத்திரத்தின் ரிப்பன் பாலைவன மணல் நிறம், நடுவில் சிவப்பு. பர்மா ரிப்பன் கடும் நீலமும் செம்மஞ்சளும் சிவப்புமாக வேறு அமைப்பு. இன்னொன்றும் பார்த்தேன். எகிப்தில் இரண்டாவது அல் அலமைன் சண்டை தொடங்கிய 1942 அக்டோபருக்குப் பிறகு, அங்கே போரிட்ட பிரித்தானியரின் எட்டாவது இராணுவத்தோடு இருந்தவர்கள் அந்த ரிப்பனில் ஒரு சிறிய '8' இலக்கம் குத்திக்கொள்ளலாம். இவர் ரிப்பனில் அப்படி எதுவும் தெரியவில்லை.

விண்ணப்பமும் பதிலும்

இங்கிலாந்தில் இரண்டாம் போர்க் காலச் சேவைக் கோவைகளைப் பாதுகாப்பு அமைச்சு 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கோவை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விண்ணப்பிக்கும் இடம் மாறும். லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அதை விசாரித்து, ஆனியில் விண்ணப்பத்தைப் போட்டார். எண்ணை முதல் வரியில் எழுதச் சொன்னேன். பெட்டியில் கண்ட பெயரையும் சான்றிதழில் இருந்த பெயரையும் இரண்டையும் கொடுத்தோம்.

இரண்டு பெயரும் ஒருவர்தானா என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். பேத்தி சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினார். பெட்டி எழுத்தின் படத்தையும் இணைத்தோம். பிறகு காத்திருப்பு. பதில் 2024 மாசியில் வந்தது.

கோவை மெலிந்தது, சில தாள்கள்தான். கொழும்பில் 1941இல் சேர்ந்திருக்கிறார். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவருடைய அம்மாவின் பெயரும் பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கிராமமும். ஆள் இவர்தான் என்பதை முடித்துவைத்தது அந்த வரி. எகிப்தில் பெரும்பாலும் வழங்கல் களஞ்சியங்களில் வேலை. இறைச்சி டின், மா, சீனி, தேயிலைப் பெட்டிகளைக் கணக்கெடுத்து ஏற்றியனுப்புவது. கோப்ரல் வரை உயர்ந்திருக்கிறார். விடுமுறை முடிந்து ஒரு நாள் பிந்தி வந்ததற்கு ஒரு தடவை சம்பளம் வெட்டு. 1946இல் விடுவிப்பு. கடைசித் தாளில் பதக்க உரித்து. டின்னில் இருந்த அதே நான்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பர்மாவுக்கு அவர் போகவே இல்லை.

பர்மா எங்கிருந்து வந்தது

பேத்தி கோவையை வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அப்ப அவர் சண்டை பிடிக்கேல்லையா சேர்?"

இல்லை என்றுதான் சொன்னேன். அதோடு, பாலைவனத்தில் ஒரு படை நகருவதா நிற்பதா என்பதைத் தண்ணீரும் பெற்றோலும் சாப்பாடும்தான் முடிவு செய்தன, அதைக் கணக்கெடுத்துக் கொடுத்தவரின் வேலை சின்ன வேலை அல்ல என்றும் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னது அல்ல. இருந்தாலும் அவருக்கு ஏமாற்றம் இருந்தது, அதை நான் மறைத்து எழுதப் போவதில்லை.

பர்மாக் கதையின் வேரை மாமிதான் தற்செயலாகத் தொட்டார். கோவையைப் பற்றிச் சொல்லப் போன் எடுத்தபோது, "பர்மா எண்டுதானே அம்மா எப்பவும் சொல்லுவா" என்றார். அம்மா என்ன சொல்லுவா என்று கேட்டோம். "அவர் பட்டாளத்தில நிக்கேக்க பர்மா விழுந்திட்டுது, அரிசி இல்லை, நாங்கள் கூப்பனுக்கு சங்கக்கடை வாசல்ல நிண்டம், பாணும் மாவும்தான் எண்டு."

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு அதுவரை பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றதும் பங்கீடு இறுகியது, சங்கக்கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன, கோதுமை மா சோற்றின் இடத்துக்கு வந்தது. பாட்டி சொன்னது தன் போரைப் பற்றி. பேரப்பிள்ளைகள் காதில் விழுந்தது "அவர் பட்டாளம்", "பர்மா" என்ற இரண்டு சொற்கள். இது என் ஊகம், கோவையில் இருக்கும் விஷயம் அல்ல. பேத்தியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பதக்கங்கள் இப்போது ஒரு சட்டகத்தில் வெள்ளவத்தை வீட்டில் இருக்கின்றன. சரியான நிற ரிப்பன் வாங்கிப் போட்டார்கள். வரிசையும் சரி: 1939-45 நட்சத்திரம், ஆபிரிக்க நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், போர்ப் பதக்கம். பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே கோவையில் உள்ள விபரம், தேதிகளோடு. கீழே "பர்மா பற்றி மாமி சொன்னது" என்று தனியாக.

திரும்பச் செய்தால்

பதக்கத்தை முதல் நாள் பார்த்தபோதே ஆபிரிக்க நட்சத்திரம் சொன்னதைச் சொல்லியிருப்பேன். அன்று காட்டிய தயவால் ரொறன்ரோ மச்சானின் பணமும் குடும்பத்தின் இரண்டு மாத மகிழ்ச்சியும் வீணாயின. பிறந்த ஆண்டு உறுதியாகும்வரை எந்தப் பெயர்ப் பொருத்தத்தையும் ஏற்றிருக்கமாட்டேன்.

வயதானவரிடம் போனில் "போரைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். தெரியாது என்றுதான் பதில் வரும். வீட்டில் இருக்கும் எந்தப் பொருள் அவருடையது, அவர் இல்லாத காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், கடிதம் எங்கிருந்து வந்தது என்று நேரில் போய்க் கேட்கிறேன். தேடுவது சேவை எண்ணை. அது பெட்டி மூடியில் இருக்கலாம், தோல்பட்டியின் உட்புறத்தில் இருக்கலாம், பழைய கம்பளியின் ஓரத்தில் தைத்திருக்கலாம். கிடைக்கும்வரை ஒருவரையும் பெயின்ட் சுரண்டவோ பிராசோ போடவோ விடக்கூடாது.

ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அலெக்சாந்திரியாப் படத்தில் அப்பப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மற்ற மூவரும் அதே சின்னம் போட்டவர்கள். அவர்களில் ஒருவர் நெற்றியில் திருநீறு. படத்தைப் பெரிதாக்கி, மாமி பருத்தித்துறையில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.